எண்ணூர்க் கடற்சேற்றில் மகரந்தம் தேடுகிறவர்களுக்கு: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

எண்ணூர் கழிமுகம், பழவேற்காடு ஏரி, இந்த இரண்டுக்கும் நேரே உள்ள கடல். இங்கிருந்து குழாய் இறக்கி எடுத்த சேற்றுத் தண்டுகளை, அதாவது கோர்களை, வைத்துக்கொண்டு பழைய காட்டையும் பழைய மழையையும் தேடும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கத்திலிருந்து தாவரவியலோ நிலவியலோ படித்துவிட்டு இந்த வேலைக்கு வருகிறவர்கள் பலர். அவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப அதே கேள்விகள்தான். அதனால் கோளாறு எப்படிக் கண்ணில் படுகிறதோ அந்த வரிசையிலேயே சொல்லிப் போகிறேன். முதலில் ஆய்வகத்தில் வருபவை, அப்புறம் எண்ணி முடித்துப் போடும் வளைவுகளில் வருபவை.

ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஒரு மகரந்தத் துகள் பூவிலிருந்து கிளம்பி காற்றில் ஏறி, ஆற்றில் இறங்கி, நீரோட்டத்தோடு போய், சேற்றில் அமர்ந்து, புழுவும் நண்டும் கிளறி, கடைசியில் உங்கள் அமிலத்தில் விழுந்துதான் ஸ்லைடுக்கு வருகிறது. எண்ணிக்கை மாறியிருந்தால் இந்தப் பயணத்தில் எந்த இடத்திலும் மாறியிருக்கலாம். "மழை குறைந்தது" என்ற பதில் கடைசியாக வர வேண்டியது. அதை முதலில் எழுதிவிட்டுத் தேட ஆரம்பித்தால், தேடுவதெல்லாம் அதற்குச் சாட்சியாகவே தெரியும்.

ஸ்லைடில் மகரந்தமே இல்லை

மகரந்தத்தை விடுங்கள், லைகோபோடியத்தைப் பாருங்கள். எண்ணிக்கை தெரிந்த லைகோபோடியம் (பெரணி போன்ற ஒரு செடி) வித்துகளை மாத்திரையாக மாதிரியோடு சேர்க்கும் முறையை ஸ்டாக்மார் 1971-இல் எழுதினார். இந்தத் துறையில் இதைவிட உதவியான துப்பறியும் கருவி வேறு இல்லை. மாத்திரையை முதல் அமிலம் ஊற்றும்போதே போட்டிருந்தால், உங்கள் மகரந்தத்துக்கு நடந்ததெல்லாம் அந்த வித்துகளுக்கும் நடந்திருக்கும்.

லைகோபோடியம் ஏராளமாகத் தெரிகிறது, மகரந்தம் மட்டும் இல்லை என்றால் உங்கள் கைவேலையில் தவறில்லை. சேற்றிலேயே மகரந்தம் குறைவு. இரண்டுமே இல்லை என்றால் எங்கேயோ கொட்டிவிட்டது: சல்லடை கிழிந்திருக்கலாம், சென்ட்ரிஃபியூஜை அவசரமாக நிறுத்தியிருக்கலாம், தெளிந்த நீரை ஊற்றும்போது அடி வண்டலும் சேர்ந்து போயிருக்கலாம். மேலே மிதக்கும் துகள்களை அடியில் இறக்க, ஊற்றும் நீரில் சில சொட்டு எத்தனால் விட்டுச் சுற்றிப் பாருங்கள். மகரந்தம் இருக்கிறது, லைகோபோடியம் மட்டும் இல்லை என்றால் மாத்திரை கரையவில்லை, அல்லது அந்தக் குழாயில் போட மறந்துவிட்டீர்கள். அந்த மாதிரியிலிருந்து விழுக்காடு எடுக்கலாம், செறிவு எடுக்க முடியாது.

செறிவுக் கணக்கு சின்னதுதான்: எண்ணிய மகரந்தத்தை எண்ணிய லைகோபோடியத்தால் வகுத்து, போட்ட லைகோபோடியத்தின் மொத்த எண்ணிக்கையால் பெருக்கி, மாதிரியின் கன அளவால் வகுக்க வேண்டும். இந்த எண் இல்லாமல் பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாது. மாத்திரைப் பொட்டலத்தின் மேல் அச்சிட்ட தொகுதி எண்ணையும் வித்து எண்ணிக்கையையும் நோட்டில் எழுதி வையுங்கள்.

சேற்றிலேயே குறைவு என்று தெரிந்த பிறகு கேட்க வேண்டியது, அது சேறுதானா என்பது. மகரந்தம் நீரில் நுண்வண்டல் போலவே நடந்துகொள்ளும். நுண்வண்டல் தங்கும் இடத்தில் தங்கும், மணல் நகரும் இடத்தில் தங்காது. சென்னைத் துறைமுகம் கட்டப்பட்ட பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த கரையோர மணல் மெரினா பக்கம் தேங்கியது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கடல் கரையை அரித்தது. இன்று அங்கே கல் கொட்டி வைத்திருப்பதைப் பார்க்கிறோம். அப்படி அலைபட்ட கரையோரத்தில் கோர் இறக்கினால் மணல்தான் வரும். எங்கே சேறு, எங்கே மணல், எங்கே பார் (கடலடிப் பாறை) என்பது காசிமேட்டில் வலை போடுகிறவர்களுக்கு மனப்பாடம். "இங்க சேறு சார், அந்தாண்ட போனா மணலு" என்று அவர்கள் காட்டும் இடம் வரைபடத்தில் பார்த்துக் குறித்த இடத்தைவிட நம்பகமானது. இடம் குறிக்கும் முன்பே போய்க் கேளுங்கள்.

ஏரிச் சேற்றுக்கு 1 அல்லது 2 கன சென்டிமீட்டர் போதும். கடல் சேற்றுக்கு 5 முதல் 10 வரை எடுப்பது நல்லது. பழவேற்காட்டு ஓரங்களில் எடுத்த கோரில் துருப்பிடித்த மாதிரி ஆரஞ்சுப் புள்ளிகள் தெரிந்தால், அந்த அடுக்கு ஒரு காலத்தில் காய்ந்து காற்றுப் பட்டது என்று பொருள். ஆக்சிஜன் பட்டால் மகரந்தம் நிற்காது. அதில் நேரம் செலவிட வேண்டாம், அடுத்த அடுக்குக்குப் போங்கள்.

குழாயில் வெள்ளையாக ஏதோ படிகிறது

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை முழுமையாக வேலை செய்ய விடவில்லை. பழவேற்காட்டுச் சேறும் கடல் சேறும் சிப்பித் தூள் நிறைந்தவை. சுண்ணாம்பு மிச்சம் இருக்கும்போது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் ஊற்றினால் கால்சியம் ஃபுளோரைடு உண்டாகும். அதைக் கரைப்பது பெரும்பாடு. நுரை நின்றதும் நிறுத்தாதீர்கள். இன்னும் கொஞ்சம் அமிலம் விட்டுக் கலக்கிப் பார்த்து, நுரையே வரவில்லை என்று உறுதியான பிறகு கழுவுங்கள். ஹைட்ரோஃபுளோரிக் கட்டத்துக்குப் பிறகு ஜெல்லி போலவோ படிகமாகவோ வந்தால் அது சிலிக்கா சேர்மம். சூடான நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவினால் போய்விடும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலில் பட்டால் உடனே வலிக்காமலும் போகலாம். ஆனால் உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்து உயிரையே எடுக்கும். சரியாக இழுக்கும் ஃபியூம் ஹூட், தகுந்த கையுறை, முகக் கவசம், பிளாஸ்டிக் குழாய்கள், கை எட்டும் தூரத்தில் கால்சியம் குளுக்கோனேட் ஜெல், கூட இன்னொரு ஆள். இதில் ஒன்று குறைந்தாலும் அந்த அமிலத்தைத் திறக்காதீர்கள். வசதி இல்லாத கல்லூரியில் இதைச் செய்தே ஆக வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால் மறுத்துவிடுங்கள். அதற்கு மாற்று உண்டு: சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட்டில் களிமண்ணைப் பிரித்து, நுண்சல்லடையில் கழுவி, அடர்த்தி 2.0 அளவில் கரைத்த சோடியம் பாலிடங்ஸ்டேட்டில் சுற்றினால் மகரந்தம் மேலே வரும், கனிமங்கள் அடியில் போகும். ஸ்லைடு அவ்வளவு சுத்தமாக இருக்காது, எண்ணுவதற்குப் போதும்.

மகரந்தத்தின் உள்பொருளைக் கரைத்துச் சுவரை மட்டும் விடும் அசிட்டோலிசிஸ் பற்றியும் ஒரு எச்சரிக்கை. எர்ட்மன் வகுத்த அந்த முறையில் ஒன்பது பங்கு அசிட்டிக் அன்ஹைட்ரைடும் ஒரு பங்கு அடர் கந்தக அமிலமும் சேர்க்கிறோம். இந்தக் கலவை தண்ணீரோடு சேர்ந்தால் சீறும். முன்னும் பின்னும் கிளேசியல் அசிட்டிக் அமிலத்தில் கழுவி ஈரத்தை எடுத்தே ஆக வேண்டும். அதே கோரில் டைனோஃபிளாஜெல்லேட் என்ற ஒற்றைச் செல் நீருயிர்களின் கூடுகளையும் எண்ணப் போகிறீர்கள் என்றால் அசிட்டோலிசிஸைத் தொடவே வேண்டாம். அவற்றில் சில வகைகள் கரைந்து போகும்.

கருப்பு உருண்டைகள் மகரந்தத்தை மறைக்கின்றன

எண்ணூர்ப் பக்கத்து மேல் அடுக்குகளில் இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். எல்லாக் கருப்பும் ஒன்றல்ல. மூன்று வகையைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்.

முதல் வகை பைரைட். கண்டல் (அலையாத்தி) சேற்றில், காற்றில்லாத இடத்தில், இரும்பும் கந்தகமும் சேர்ந்து உருவாகும் நுண்படிகக் கொத்து. 400 மடங்கில் பார்த்தால் விளிம்பு சொரசொரப்பாக, பல சின்ன மணிகள் சேர்ந்த உருண்டையாகத் தெரியும். சில நேரம் மகரந்தத்தின் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். மேலிருந்து ஒளி விட்டால் பொன் மஞ்சளாக மினுங்கும். நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் சிறிது நேரம் வைத்தால் கரையும். அதிக நேரம் வைத்தால் மகரந்தமும் கெடும்.

இரண்டாவது கரித்துண்டு: தட்டையானது, கோணல் விளிம்பு, சில நேரம் புல்லின் செல் வடிவம் அப்படியே தெரியும். இது எரிந்த காட்டுக்கோ வயலுக்கோ சாட்சி. தனியாக எண்ணி வையுங்கள், பின்னால் பயன்படும்.

மூன்றாவது வகைதான் நம் ஊருக்கே உரியது. நிலக்கரியும் எண்ணெயும் மிகுந்த சூட்டில் எரியும்போது வரும் கரிக்கோளம். உருண்டை, கன்னங்கரேல், மேற்பரப்பில் சின்னச் சின்னத் துளைகள். அனல் மின் நிலையச் சாம்பலில் இரண்டு பொருள் இருக்கிறது: கண்ணாடிக் கோளம் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கரைந்துவிடும், கரிக்கோளம் எந்த அமிலத்துக்கும் அசையாது. அமில முறையில் செய்த ஸ்லைடில் உருண்டைகள் கொஞ்சமாகவும், அடர்த்தி முறையில் செய்த ஸ்லைடில் ஏராளமாகவும் இருந்தால் காரணம் இதுதான்.

இதைத் தொல்லை என்று தள்ளிவிடாமல் கணக்கில் எடுங்கள். எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-இல் ஓட ஆரம்பித்தது. அதற்கு முன்பே பேசின் பிரிட்ஜில் நிலக்கரி எரித்து மின்சாரம் எடுத்தார்கள். எப்படிப் பார்த்தாலும் இந்தக் கோளங்கள் நிறைந்த அடுக்கு 20ஆம் நூற்றாண்டுக்கு முந்தையதாக இருக்க முடியாது. கோரில் கோளங்கள் திடீரென்று பெருகும் ஆழம் உங்களுக்கு இலவசமாகக் கிடைத்த காலக்குறி. அதே கோளங்கள் மேலிருந்து கீழ் வரை சீராகப் பரவியிருந்தால் செய்தி மோசம்: சேறு தோண்டிக் கொட்டப்பட்டது, அல்லது கலங்கியது. துறைமுகக் கால்வாய்களுக்காகத் தூர் வாரும் கடலில் இது அடிக்கடி வரும். அந்தக் கோரில் காலநிலை தேடுவதில் பயனில்லை. மாசு வரலாறு எழுத அது அருமையான பொருள்.

இரண்டாயிரம் ஆண்டு ஆழத்தில் சவுக்கு

சவுக்கு நம் கடற்கரைக்குப் பிறகு வந்த மரம். சோழமண்டலக் கரையில் விறகுக்காக அதைப் பெரும் அளவில் நட்டது 19ஆம் நூற்றாண்டில். சீமைக் கருவேலமும் யூகலிப்டசும் அதே போல வெளியிலிருந்து வந்தவை. மூன்று துளை கொண்ட சவுக்கு மகரந்தம் பழைய அடுக்கில் தென்பட்டால் மூன்று இடத்தைத் தேடுங்கள்.

ஒன்று ஆய்வகக் காற்று. மண்ணே போடாமல், மாத்திரை மட்டும் போட்ட ஒரு வெற்றுக் குழாயை ஒவ்வொரு தொகுதியோடும் சேர்த்து ஓட்டுங்கள். அதில் சவுக்கு வந்தால் ஜன்னலை மூட வேண்டியதுதான். இரண்டு, கோரின் வெளித்தோல். குழாயை இறக்கும்போது மேல் சேறு சுவரோடு ஒட்டிக் கீழே இழுபடும். வெளி ஓரத்தைச் சுரண்டி எறிந்துவிட்டு நடுவிலிருந்து மட்டும் மாதிரி எடுங்கள். மூன்று, வளை. கழிமுகச் சேற்றில் நண்டு வளை ஆழமாகப் போகும், மேல் மண் அதில் இறங்கும். கோரை நெடுக வெட்டியதும் நிறம் மாறிய குழாய் வடிவங்கள் இருக்கின்றனவா என்று படம் எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள்.

யூகலிப்டஸ் என்று சொல்லும் முன் இன்னொரு முறை பாருங்கள். நாவல் மரமும் அதே குடும்பம், அதன் மகரந்தமும் முக்கோணம். நாவல் மகரந்தம் அளவில் சிறியது. பெயர் தெரிந்த செடியிலிருந்து செய்த மேற்கோள் ஸ்லைடோடு பக்கத்தில் வைத்து அளக்காமல் முடிவு எழுதக்கூடாது.

பைன் மரம் எப்படி வந்தது?

தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் பைன் இனமே கிடையாது. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் பார்ப்பவை நட்டவை. ஆனால் வங்கக்கடல் சேற்றில் பைன் மகரந்தம் வரும். இரண்டு காற்றுப் பைகள் இருப்பதால் அது காற்றில் வெகுதூரம் போகும், நீரில் நாள் கணக்கில் மிதக்கும். கரையை விட்டு விலக விலக மற்றவை குறைந்து பைன் மட்டும் பெருத்துத் தெரிவது உலகம் முழுவதும் கண்ட விஷயம். இங்கே அதன் ஊற்று இமயமலை. காற்று வழியாகவும், கங்கை–பிரம்மபுத்திரா வண்டலோடும் வங்கக்கடலுக்குள் வருகிறது. வாடைக்காலத்தில் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே ஓடும்போது நம் பக்கமும் எட்டலாம். செய்ய வேண்டியது எளிது: பைனை மொத்தக் கூட்டுத்தொகையிலிருந்து எடுத்துவிட்டு, தனி வளைவாகப் போடுங்கள்.

எடுக்கும் முன் அது பைன்தானா என்று பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரே இயற்கை ஊசியிலைக் குடும்ப மரமான நாஜியாவையும் பைனையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. அதைவிட முக்கியம் பாறையிலிருந்து கிளம்பி வந்த பழைய மகரந்தம். துகளின் உடல் மேல் வரி வரியாகக் கோடு இருந்தால் அது டைனோசருக்கும் முந்தைய பெர்மியன் காலத்துக் கோண்டுவானா பாறையிலிருந்து அரித்து வந்தது. கோதாவரிப் பள்ளத்தாக்கில் அந்தப் பாறைகள் நிறைய. நம் பக்கத்திலும் ஸ்ரீபெரும்புதூர், சத்தியவேடு வட்டாரப் பாறைகள் கிரெட்டேசியஸ் காலத்தவை, தாவரப் புதைபடிவங்களுக்குப் பெயர் பெற்றவை. கொற்றலையும் ஆரணியாறும் அந்த வட்டாரத்து மண்ணைத்தான் எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் கொண்டுவருகின்றன. அதனால் உங்கள் கோரில் டைனோசர் காலத்துப் பெரணி வித்து ஒன்று தெரிந்தால் பயப்பட வேண்டாம். நிறம் அடர்த்தியாக, தட்டையாக நசுங்கியிருக்கும். ஃபுளோரசன்ஸ் விளக்கில் புதிய மகரந்தம் பளிச்சென்று ஒளிரும், பழையது மங்கலாகவோ சிவந்தோ தெரியும். இவற்றைத் தனிப் பட்டியலில் எண்ணுங்கள். இந்த எண்ணிக்கை ஏறும் அடுக்கில் ஆற்று அரிப்பும் ஏறியிருக்கிறது. வெள்ளக் காலத்தைத் தேட அது ஒரு துப்பு.

கண்டல் மகரந்தம் ஒரேயடியாக ஏறுகிறது

இந்த வளைவைப் பார்த்ததும் "மழை பெருகியது" என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். கண்டல் காடு கடல் மட்டத்தோடு நடக்கும் காடு. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய மட்டத்தைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. கரை எங்கோ கிழக்கே தள்ளி இருந்தது. கடல் ஏற ஏற, கண்டல் காடு உங்கள் கோர் எடுத்த இடத்தை நெருங்கி வந்து, கடந்து, மேற்கே போயிருக்கிறது. மழை ஒரு துளிகூட மாறாமலே உங்கள் வளைவு ஏறி இறங்கியிருக்கும்.

இதைப் பிரிக்க என்ன வழி? முதலில் விழுக்காட்டை விட்டுச் செறிவைப் பாருங்கள். கண்டல் செறிவு ஏறாமல், மற்றவை இறங்கியதால் மட்டும் விழுக்காடு ஏறியிருக்கலாம். அடுத்து, அதே ஆழத்து ஃபொராமினிஃபெராவை, அதாவது ஓடு கொண்ட நுண்ணிய கடல் உயிர்களை, பாருங்கள். கழிமுக இனங்கள் போய்த் திறந்த கடல் இனங்கள் வந்தால் கரை நகர்ந்திருக்கிறது. ஃபொராமினிஃபெராவின் ஓடு சுண்ணாம்பு என்பதால் அமிலம் தொடாத தனிப் பகுதியை முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும். மூன்றாவது, உள்நாட்டுக் காட்டு மரங்கள். தென்மேற்கு இந்தியக் கடலோரக் கோர்களை வான் காம்போ 1986-இல் ஆராய்ந்தபோது மகரந்தத்தையும் ஆக்சிஜன் ஐசோடோப்பையும் ஒரே கோரில் சேர்த்துப் படித்தார். கர்நாடகக் கரையில் கார்வாருக்கு நேரே உள்ள கடலிலிருந்து கராத்தினி குழுவினர் 1994-இல் எழுதியபோது, சுமார் 3,500 ஆண்டுகளாக ஈரம் குறைந்தது என்ற முடிவுக்கு வந்தார்கள். இப்படி ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சாட்சிகள் ஒரே பக்கம் சாயும்போது மழையைப் பற்றிப் பேசலாம்.

ஆனால் கார்வார் வளைவைத் தூக்கி எண்ணூரில் ஒட்டிவிடாதீர்கள். அது தென்மேற்குப் பருவக்காற்றின் கரை. நமக்குப் பெரும் மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் மாற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கத்தான் சென்னைக் கரையில் கோர் எடுப்பதே.

கண்டலுக்குள்ளும் வேறுபாடு உண்டு. சுரபுன்னை மகரந்தத்தை அள்ளி இறைக்கும், காற்றிலும் நீரிலும் வெகுதூரம் போகும். வெண்கண்டல் பூவுக்குப் பூச்சி வர வேண்டும், மகரந்தம் குறைவு. இன்றைக்கு எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் மிஞ்சி நிற்பது பெரும்பாலும் வெண்கண்டல்தான். ஸ்லைடில் வெண்கண்டல் நான்கைந்துதான் என்றாலும் கரையில் அது காடாகவே நின்றிருக்கலாம்.

புல் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது

பாதிக்கு மேல் புல் மகரந்தம். இது வறண்ட புல்வெளியா, ஆற்றோர நாணலா, நெல் வயலா? மைக்ரோஸ்கோப்பில் புல் மகரந்தம் எல்லாம் ஒரே வட்டம், ஒரே துளை. பெரிய துகள் என்பதால் மட்டும் நெல் என்று சொல்ல முடியாது, காட்டுப் புல்லின் அளவும் அதோடு கலக்கும். கூட வரும் துணையைப் பாருங்கள். கோரையும் சம்பும் சேர்ந்து ஏறினால் சதுப்பு. உமரி வகை ஏறினால் உப்பளமும் உவர் நிலமும். கரித்துண்டு ஏறி, உலக்கைப் பாலை, காசா, வீரை போன்ற கரையோர வறள் பசுமைக் காட்டு மரங்கள் இறங்கினால் காடு வெட்டி எரிக்கப்பட்டிருக்கிறது. அதில் மனிதன் கை எவ்வளவு, வறட்சி எவ்வளவு என்று மகரந்தம் மட்டும் சொல்லாது.

இங்கே இலை மெழுகின் கார்பன் ஐசோடோப்பு பெரிய துணை. செடிகள் ஒளிச்சேர்க்கை செய்யும் வழியைப் பொறுத்து அது மாறும்: வெப்ப மண்டலப் புற்கள் பலவும் சி4 வகை, மரங்களும் நெல்லும் சி3. கோதாவரி முகத்துக்கு நேரே எடுத்த கோரில் போன்டன் குழுவினர் 2012-இல் இதே வழியில், சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து வறட்சி தாங்கும் செடிகள் பெருகியதைக் காட்டினார்கள். உங்கள் புல் வளைவு ஏறும்போது ஐசோடோப்பு அசையவில்லை என்றால் நெல் போன்ற சி3 புல்லை நினையுங்கள்.

வயது தலைகீழாக வருகிறது

கீழ் அடுக்கு இளமையாக, மேல் அடுக்கு முதுமையாக வந்தால், கார்பன்-14 முறையில் எதைத் தேதியிட்டீர்கள் என்று பாருங்கள். மொத்தக் கரிமத்தைக் கொடுத்திருந்தால் ஆறு கொண்டுவந்த பழைய கார்பனும் அதில் சேர்ந்திருக்கும். முழுசான சிப்பியோ ஃபொராமினிஃபெராவோ கொடுங்கள், கடல் நீரின் சொந்த முதுமைக்காக ஏறத்தாழ 400 ஆண்டுத் திருத்தத்தோடு வட்டாரத் திருத்தமும் செய்யுங்கள்.

பாதித் துகள்களுக்குப் பெயர் தெரியவில்லை

ஐரோப்பியப் படங்களை வைத்துக்கொண்டு எண்ணூர்ச் சேற்றைப் படிக்க முடியாது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் வெப்ப மண்டலச் செடிகளின் மகரந்த ஸ்லைடுகள் இருபதாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. லக்னோவில் பீர்பல் சாஹ்னி நிறுவனம் இருக்கிறது. சென்னையில் பிறந்த கணபதி தணிகைமணி புதுச்சேரியில் உட்கார்ந்து கண்டல் மகரந்தத்தைத் துகள் துகளாக விவரித்துவிட்டுப் போயிருக்கிறார். 1986-இல் கராச்சியில் நடந்த விமானக் கடத்தலில் அவர் உயிர் இழந்தார். நம் கரையில் இன்று யார் சுரபுன்னையையும் வெண்கண்டலையும் பிரித்து எண்ணினாலும் அது அவர் போட்ட அடித்தளத்தின் மேல்தான்.

பெயர் தெரியாததை "மற்றவை" என்று மொத்தமாகக் கொட்டாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்து, துளை எத்தனை, அளவு எவ்வளவு, சுவரின் வேலைப்பாடு எப்படி என்று எழுதி, ஸ்லைடில் அது இருக்கும் இடத்தைக் குறித்துப் படம் எடுங்கள். கூடவே சொந்த மேற்கோள் ஸ்லைடும் செய்ய ஆரம்பியுங்கள். காட்டுப்பள்ளி, புழல், கிண்டி என்று போய், பூக்கும் பருவத்தில் மொட்டு விரியும் முன் சேகரித்து, அதே அசிட்டோலிசிஸ் முறையில் செய்ய வேண்டும். சவுக்கு, பனை, உமரி, வெண்கண்டல், காசா, உலக்கைப் பாலை, நாவல், யூகலிப்டஸ்: இந்த எட்டும் முதல் பெட்டியில் இருந்தால், மேல் அடுக்கு ஒன்றை எடுத்து அன்றைக்கே எண்ண உட்காரலாம்.